செவ்வாய்க்கிழமைக் கிளை

…இந்த பஸ் டிரைவருக்கு யாரு லைசென்ஸ் குடுத்தாங்கன்னே தெரியல! அந்த பாட்டில் மூடிய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்கண்ணே… ஆங், அப்படித்தான். என்னது, ஜாமா? ஐயய்யோ, மோந்து பாக்காதீங்க! ஃபார்மலின்ண்ணே, சதை அழுகாம இருக்க ஊத்தற மருந்து. உள்ள இருக்கறது எலியோட விதை.

ஏண்ணே தள்ளி உக்காருறீங்க? முழு எலி கூட இல்ல, அந்த ஒரு சமாச்சாரம் மட்டும்தான், அது என்ன கடிக்கவா போகுது? வெக்கப்படாதீங்க. இருபத்திரெண்டு வருசமா எனக்கு இதான் சோறு போடுது. காலேஜ் லேப்ல டெக்னீஷியன். செத்த எலியோட ரத்தக்குழாய்ல கலர் கலந்த ரப்பர் மரத்துப் பால ஊசியால ஏத்தறது நான்தான். கீழ போற ரத்தத்துக்கு செகப்பு, திரும்பி வர்றதுக்கு நீலம். இறுகினதும் சதையப் பிரிச்சா குழாய் மட்டும் பளிச்சுன்னு நிக்கும். இதோ, வெளிச்சத்துல பாருங்க… சரி, பாக்க வேணாம்.

அந்த செகப்புக் குழாய் இருக்கே, சிறுநீரகத்துக்குப் பக்கத்துல பொறப்பட்டு, தலமுடி கனத்துல எறங்கி வருது. வந்தமா சேந்தமான்னு இருக்கணும்ல? இருக்காது! விதைக்குக் கிட்ட வந்ததும் பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருண்டு சுருண்டு சுத்தும். அத நீலக் குழாய் எல்லாம் மொய்ச்சுக்கும். எதுக்குங்கறீங்க? கீழ போற ரத்தத்த ஆற வைக்கவாம். அந்த எடம் குளுகுளுன்னு இருந்தாத்தான் வேல நடக்குமாம். எங்க லேப்ல ஆறு மாசமா ஃபேன் ஓடல, நான் வேர்த்து ஊத்தறேன், ஏன்னு கேக்க நாதியில்ல. எலிக்கு மட்டும் அதுக்குன்னு தனி ஏசி!

ஒரு பொண்ணு அஞ்சு வருசமா இதுலயே குடியிருக்கா. டாக்டர் பட்டத்துக்கு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு மெயின் காலேஜ்ல வைவா, அதான் நேர்ல உக்கார வச்சுக் கேள்வி கேக்கற பரீட்சை. விடியறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டு, “அக்கா, பாட்டில நீங்க எடுத்துட்டு வந்துடுங்க”ங்கறா. நான் என்ன கூரியரா? அவ புத்தகத்துல பெரிய விசயமே ஒரு புதுக் கிளை. பன்னெண்டு எலில நாலுக்கு மட்டும் எடது பக்கம் குட்டியா ஒரு கிளை பிரியுதாம். இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லயாம். எப்படிண்ணே பாத்திருப்பாங்க…

அத விடுங்க. உங்களுக்கு நாத்தனார் கெடயாதே, ஆம்பளைங்க குடுத்து வச்சவங்க. எனக்கு ஒருத்தி இருக்கா. பியூட்டி பார்லர் வச்சிருக்கா, செவ்வாக்கெழம லீவு. லீவுன்னா படுத்துத் தூங்க வேண்டியதுதான? பத்து மணிக்கு டாண்ணு எனக்குப் போன். மாமியாரோட பீரோ யாருக்குன்னு மூணு வருசமா சண்ட. மாமியார் உயிரோடதாண்ணே இருக்காங்க! அந்த பீரோ பக்கத்துலயே உக்காந்து டிவி பாக்கறாங்க!

நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல செருகிக்குவேன். கையில சிரிஞ்சு. மெல்லத் தள்ளணும், பச்சக் கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி. அப்பப் பாத்து, “நீ வந்தப்புறந்தான் எங்க வீடு ரெண்டாச்சு”ங்கறா. நானா? நானா ரெண்டாக்கினேன்? கட்டவெரல் அதுவா அமுங்குது.

அமுங்கினா என்னவா? வெடிச்சிரும்ண்ணே. தலமுடி கனம்ல… ரப்பர் பால் வெளிய பீச்சி, அங்கயே இறுகி, நூல் மாதிரி நிக்கும். கிளை மாதிரி.

சத்தியமா எனக்கும் தெரியாது! நேத்து சாயங்காலம் கிளை இருக்கற நாலு பாட்டிலயும் தொடச்சு, நல்லதா ஒண்ணு எடுக்கும்போதுதான் லேபிளப் பாத்தேன். தேதியெல்லாம் என் கையெழுத்து. காலண்டரப் புரட்டினேன். நாலும் செவ்வாக்கெழம.

அவளுக்குச் சந்தேகம் வர வேணாமா? படிச்ச பொண்ணு! நானா கிளைன்னு சொன்னேன்? இப்ப எவனாவது ஊசியால ஒரு நிமிண்டு நிமிண்டினா பிசின் மாதிரி கையோட வந்துரும். எல்லாரு முன்னாடியும். மீதி எட்டு எலி ஒழுங்கா இருக்குண்ணே, அதுல எடுத்த அளவெல்லாம் சுத்தம், அத வச்சே கர சேந்துருவா. ஆனா அவளே முந்திக்கிட்டுச் சொல்லணும். கேள்வி கேக்கறவங்க கண்டுபிடிச்சா அஞ்சு வருசமும் போச்சு.

நான் சொல்லிடணுமா? நீங்க சுலபமா தலையாட்டிட்டீங்க. அந்தப் புத்தகத்துல நன்றிப் பக்கத்துல அப்பா அம்மாவுக்கு அடுத்தது நாந்தாண்ணே. “பொறுமையான கைகள்”னு எழுதியிருக்கா. இந்தக் கைய! படிச்சுக் காட்டினப்ப நான் அழுதுட்டேன், தெரியுமா?

அட, எங்க எந்திரிக்கிறீங்க? கடைசி ஸ்டாப்புன்னீங்களே… அண்ணே, மூடிய விட்டுட்டீங்களே… போயிட்டாரு. படியெறங்கி ஓடறாரு பாரு, எலி தொரத்தற மாதிரி.

இந்தா, போன் வேற. மணி பத்தா? ஓ… இன்னிக்கும் செவ்வாக்கெழமதான. அடியே, பீரோவ நீயே எடுத்துக்க, சாவியயும் எடுத்துக்க. கட் பண்ணிட்டேன். மூணு வருசத்துல மொத தடவ.

எங்க அந்தப் பொண்ணு நம்பரு… ம்… அடிக்குது.

ஹலோ, பாப்பா? வந்துட்டே இருக்கேன். பத்திரமா மடியிலதான் இருக்கு. நீ உள்ள போகல இல்ல? அப்ப உக்காரு. உக்காந்துட்டியா? அந்த நாலு எலியோட கிளை இருக்குல்ல… அது கிளை இல்லடா. அது என் நாத்தனாரு.