பெஞ்சுக்கு எத்தனை சாண்

12 ஜூன் 2025, வியாழன். வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஆவடியில் பூந்தமல்லி பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். ஒருவர் அரசுப் பள்ளிகளுக்கான புதிய பாடத்திட்டக் குழுவில் இருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மூணாங்கிளாஸ் கணக்குலேர்ந்து சாண் போட்டு அளக்கறதைத் தூக்கறாங்கடி. நேரா ஸ்கேல்தான். சாண் இருக்கணும்னா ஏன்னு இன்னிக்கே எழுதிக் குடுக்கணுமாம்."

"அடிப்பாவி, நாம ஸ்கூல்ல பெஞ்சை அளந்தது ஞாபகம் இல்ல? உனக்கு ஏழு சாண், எனக்கு எட்டு."

"நீ பொய் சொல்றேன்னு உன் சடையப் புடிச்சி இழுத்தேன்."

"டீச்சர் திட்டவே இல்ல. சிரிச்சிக்கினே ஒரு ஸ்கேலைக் குடுத்தாங்க. அது எதுக்குன்னே அப்பதான் புரிஞ்சுது."

"எனக்கும் அதை விட மனசில்ல. ஆனா பசங்க இன்னா கத்துப்பாங்கன்னு ஒரே வரில கேக்கறாங்க. சண்டை போடுவாங்கன்னா எழுதறது?"

"ஒரே பெஞ்சை ஆளாளுக்கு சாண் போட்டு அளந்து, ஏன் விடை மாறுதுன்னு பேசுவாங்கன்னு எழுது."

அவர் அதைக் கைபேசியில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, அனுப்பினார். சென்னீர்குப்பத்தில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேசையைச் சாணால் அளந்தேன். பிறகு மனைவியை அளக்கச் சொன்னேன். அவள் தப்பாக அளக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.