வைக்கோல் கன்று குடித்த பால்

தொண்ணூற்று மூன்றாம் வருஷ மார்கழியில், மயிலாப்பூரில் ஒரு வைக்கோல் கன்றுக்குட்டி ஒரே வாரத்தில் நாற்பது லிட்டர் பால் குடித்து ஏப்பம் விட்டது. ஏப்பச் சத்தம் அடையாறு வரை கேட்டது.

இதோ, நூர் முஹம்மது சிரிக்கிறார். "அளக்காதீங்க சார். கேட்டா அந்தக் கன்னுக்குட்டியே சிரிக்கும்."

கால்நடை இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர்; இந்தக் கதையிலேயே வருகிறவர். சிரிக்கட்டும். கரண்ட் வர நேரமாகும். மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள்.

விடியற்காலை மூன்றரை மணி. நாய்கூடக் குரைக்காத ஒரு சந்து... அதன் கோடியில் பால்காரர் தணிகாசலத்தின் கொட்டகை. ஒரே மாடு, சிவப்பி. அதன் கன்று கழிச்சல் கண்டு செத்து நான்கு நாள்.

செத்த அன்றே இன்ஸ்பெக்டர் வந்து விதியைச் சொல்லிவிட்டுப் போனார். ஆறடிக் குழி. மேலும் கீழும் சுண்ணாம்பு. தோலை உரிக்கவே கூடாது. எவனும் தோண்டி எடுத்து விற்காதபடி கத்தியால் அங்கங்கே கீறிவிட வேண்டும்.

தணிகாசலம் நன்றாகத்தான் தலையாட்டினார். ஆனால் கன்று முகம் பார்க்காமல் சிவப்பி பால் விடாது. பால் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. ஆற்றங்கரைப் பொட்டலில் தோலை உரித்துக்கொண்டு, மிச்சத்தைப் புதைத்தார். தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக்கி, மாட்டின் முன்னால் நிறுத்தினார். சிவப்பி நக்கிக் கொடுத்தது. பாலும் விட்டது.

மூன்று நாள்தான். அன்று விடியலில் செம்போடு உட்கார்ந்தால்... மடி வற்றிச் சுருங்கிக் கிடந்தது.

"எவனோ கறந்துகினு பூட்டான்யா," என்றாள் அவர் மனைவி செண்பகம்.

"என்னத் தவிர எவன இவ கிட்ட சேர்த்தா?"

செண்பகம் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்தினாள். "யோவ்... இத்த வந்து பாரு. வாய்ல நுரை கீது."

வைக்கோல் கன்றின் வாயோரம் வெள்ளை நுரை. தொட்டார். வெதுவெதுப்பு.

அன்றிரவு அதைத் தூக்கி உத்தரத்தில் கட்டினார். மூன்றரைக்குச் சத்தம் கேட்டது. சப்... சப்... சப்... ஓடிப் பார்த்தால், அது மடிக்கடியில் நின்றது. வைக்கோல் வாசனை இல்லை. ஈன்ற கன்றின் ஈர வாடை.

அதன் வயிறு உப்ப உப்ப, சிவப்பியின் விலா எலும்பு தெரிந்தது. ஏழாம் நாள் மாடு எழுந்திருக்கவில்லை. தணிகாசலம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஓடினார்.

"சார், தப்பு பண்ணிட்டேன் சார். மாடு சாவுது. அந்தத் தோலை பொதைச்ச கன்னுகிட்டயே குட்துட்லாம், வா சார்."

"விதின்னு ஒண்ணு எதுக்குய்யா சொல்றது?" என்று திட்டிக்கொண்டேதான் போனார் இன்ஸ்பெக்டர். சைக்கிள் கேரியரில் கோணிச் சாக்கு. பின் டயர் நசுங்கியது. வைக்கோலுக்கு அவ்வளவு கனம் ஏது?

குழியைத் தோண்டினார்கள். பிறகு மூடினார்கள். மறுநாள் சிவப்பி எழுந்து தண்ணீர் குடித்தது. ஆனால் தணிகாசலம் அதன் மடியைத் தொடவில்லை. மாட்டை மச்சானிடம் ஓட்டிவிட்டு, தரமணியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். குழிக்குள் என்ன பார்த்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டாயிற்று. எழுந்து உள்ளே போய்விடுவார்.

நூர் முஹம்மதுவின் சிரிப்பு எப்போது நின்றதோ தெரியவில்லை. மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பை நான்தான் சார் விலக்கினேன்," என்றார். "கன்னு படுத்திருந்தது. அழுகவே இல்ல. உடம்பு பூரா தோல்... ஒரு கீறல் கிடையாது."

மெழுகுவர்த்தித் திரியை விரலால் நிமிர்த்தினார்.

"அப்போ சாக்குல இருந்தது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ரெண்டு பேருக்குமே தைரியம் வரல. அதை அப்படியே உள்ள இறக்கி மண்ணைத் தள்ளினோம். தள்ளத் தள்ள... உள்ளேயிருந்து முட்டிச்சு." உள்ளங்கையைக் கீழிருந்து மேலே முட்டிக் காட்டினார். "நடந்தது சார். எல்லாம் நடந்தது."