மணி இல்லாத ஊர்

பேஸ் வாசிக்கிறவனுக்கு முதுகுவலி கூடவே பிறந்தது, சார். வயலின் மாதிரியே, ஆனால் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் படியேறி இறங்க வேண்டும். உங்கள் நாற்காலி பரவாயில்லை, நிமிர்ந்து உட்கார முடிகிறது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன ஜாஸ் குழு. பியானோவுக்கு என் தங்கையின் புருஷன், டிரம்ஸுக்கு நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நெட்டையன், பேஸுக்கு நான். பாட்டெல்லாம் நான் எழுதுவது. இல்லாத ஊர்களைப் பற்றித்தான் எழுதுவேன். முதலில் ஊரைக் கட்டுவேன். தெரு எந்தப் பக்கம் வளைகிறது, யார் வீட்டு மாடியில் துணி காய்கிறது, மழைத்தண்ணீர் எங்கே வடிகிறது, எல்லாம் தெரிந்த பிறகுதான் தந்தியைத் தொடுவேன். பைத்தியக்காரத்தனம் என்று தங்கை சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

அப்படிக் கட்டியதில் கடைசி ஊர்தான் மணி இல்லாத ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் மணி கிடையாது, சைக்கிளில் கிடையாது, மாட்டின் கழுத்தில் கிடையாது. மணி அடித்தபோதெல்லாம் அந்த ஊரில் யாராவது செத்தார்கள். அதனால் இருந்த மணிகளையெல்லாம் உருக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த நிம்மதிதான் பாட்டு.

பேஸில் தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் லேசாகத் தொட்டு மீட்டினால் அசல் மணிச் சத்தம் வரும். கேட்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பாட்டில் மட்டும் அதை நான் செய்வதே இல்லை. அந்த விஷயத்தில் நான் கறார்.

ஜாஸில் நடுவே அவரவர் மனம் போனபடி வாசிக்க இடம் விடுவோம். அது வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். முதல் நிகழ்ச்சியிலேயே மாப்பிள்ளை தன் முறை வந்ததும் பியானோவின் வலது கோடிக்குப் போய் ஒரே கட்டையைத் தட்டினார். டங். டங். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தெரு வளைவில் இருக்கும் வீட்டில் ஒரு குழந்தை திடுக்கிட்டு முழித்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்தது. முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நயமாகத்தான் சொன்னேன்.

"மாப்பிள்ளை, அந்த ஊர்ல மணி வேண்டாமே."

"இல்லாத ஊர்ல மணி அடிச்சா யாருக்கு என்ன மச்சான் கெட்டுப்போச்சு?" என்று சிரித்தார். "அதுவுமில்லாம, நீங்க ஆரம்பிச்சு வைக்கிறீங்க, நான் பதில் சொல்றேன். அவ்வளவுதான்."

நான் ஆரம்பித்து வைக்கிறேனாம். ஒட்டடைக்குச்சியும் அதற்கு ஒத்து ஊதினான். "ஆமாண்ணே, முதல்ல உங்க பக்கத்துல இருந்துதான் வருது." நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டுகிறவன் காதை நம்ப முடியுமா?

பிறகு போகிற இடமெல்லாம் மணி. ஜனங்கள் அதை மணிப்பாட்டு என்றே கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, சார். அங்கே ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாவு விழுந்துகொண்டிருந்தது. குழந்தை போய்விட்டது. துணி காயப்போட்டவள் போய்விட்டாள். துணி மட்டும் மாடியில் கிடந்து நனைந்தது. ஓர் ஆளை நிறுத்தினால் ஓர் ஊரே பிழைக்கும் என்றால், என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

அன்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் ஒத்திகை. ஒட்டடைக்குச்சி இன்னும் வரவில்லை. பேஸின் அடியில், தரையில் ஊன்றுவதற்கு ஓர் இரும்புக் கம்பி உண்டு. வழவழப்பான தரையில் நழுவாமல் இருக்க அதை அரம் போட்டுக் கூராக வைத்திருப்பேன். கொலைக்காகத் தீட்டியது என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

வாசித்தோம். மணி வந்தது. பேஸைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய், பியானோ மூடியை அவர் விரல்கள்மேல் ஓங்கி இறக்கினேன். மறுபடியும் இறக்கினேன். எலும்பு நொறுங்கும் சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை, காய்ந்த சுள்ளி ஒடிவது மாதிரிதான். விரல் போனால் மணி நின்றுவிடும் என்பதுதான் என் எண்ணம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் கீழே விழுந்தவர் அலறினார். அந்த அலறலும் அதே சுருதியில் இருந்தது. பேஸின் கம்பியைத் திருகி உருவி, அவர் தொண்டையில் இறக்கினேன். நிற்கவில்லை. சத்தம் நிற்கும்வரை இறக்க வேண்டியிருந்தது. பியானோவின் மிதிகட்டைகள்வரை ரத்தம் ஓடியது.

தங்கை விதவையாகிவிட்டாளே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, என்னண்ணா பண்ணிட்டே? அவரை விட்டுடுண்ணா."

அவளை ஒன்றும் செய்யக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் வீட்டுக்குள் வரும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த மணியை முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. அவள் வாயிலும் அது ஏறிவிட்டிருந்தது. அவள் அதிக நேரம் விதவையாக இருக்கவில்லை.

அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. கம்பியைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். ஒட்டடைக்குச்சி வந்தபோது நான் அந்தப் பாட்டை முதலிலிருந்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் வாசலிலேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

ஆக, இரண்டு பேரையும் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம், சார். மாப்பிள்ளை அன்றைய ஒத்திகையைப் பதிவு செய்திருக்கிறார் என்று நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அதில் பியானோ மூடி விழுகிறது, அவர் அலறுகிறார், தங்கை கெஞ்சுகிறாள், பிறகு ஒருவருடைய சத்தமும் இல்லை. நான் மட்டும் தனியாக வாசிக்கிறேன். அப்போதும் மணி அடிக்கிறது. உங்கள் கருவியில் ஏதோ கோளாறு இருக்கிறது, கொஞ்சம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.