மணல் மேட்டின் உச்சியில்

சங்கரன்கோவிலிலிருந்து கடையநல்லூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். ஷார்ஜாவில் டிரைவராக இருக்கும் கணவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் இளையவள்.

“லாத்தா, மணல் மேட்டுல ஏறணும்னா மொதல்ல டயர்ல பாதிக் காத்தைப் புடுங்கி விட்டுரணும்.”

“பஞ்சரான வண்டி மாதிரியா?” என்றாள் மூத்தவள்.

“ஆமா. அப்பதான் டயரு பரந்து, மணல்ல புதையாது. நான் ஊருக்குக் கெளம்புததுக்கு மொத நாளு, உச்சியில இருந்து சூரியன் மறையதைக் காட்டுதேன்னு மச்சான் கூட்டிட்டுப் போனாவ. காத்தைப் புடுங்கிட்டு அவுக ஏத்திப் பாத்தாவ, ஒவ்வொரு தடவையும் பாதி மேட்டுல வண்டி நின்னுபோச்சு. அவுக மொகமே சுண்டிப்போச்சு. எறங்குங்க, நான் பாக்கேன்னேன்.”

“ஏட்டி, இங்கன வாப்பா காரை ஓட்டுன தைரியமா?”

“கியர் மாத்துத வேலையே இல்ல லாத்தா, ஆட்டோமேட்டிக். நாலு சக்கரமும் இழுக்கும். தூரத்துல இருந்தே வேகம் எடுத்து, வளைக்காம நேரா விட்டேன். நடுவுல பயந்து காலை எடுத்தா வண்டி நின்னுரும். நான் எடுக்கல. உச்சிக்குக் கிட்டப் போய் மெதுவாக்கி, மேல நிறுத்திட்டேன்.”

“அவுக?”

“செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டு, சறுக்கிச் சறுக்கி நடந்தே ஏறி வந்தாவ. வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டு ஒரே சிரிப்பு. சூரியன் மறைஞ்சப்பொறவு, எறக்கத் தெரியுமான்னு கேட்டாவ.”

“தெரியுமா?”

“தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டேன். அவுகளும் கொஞ்சம் ஓட்டட்டும்னுதான்.”