தேயிலை மலையில் தென்னை மரம்

ஜீவராணி: மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி செவசெவன்னு வருதுங்க. அந்தப் போனை வச்சிட்டு எந்திரிங்க.

மூர்த்தி: மழை பேஞ்சா செவப்பாத்தான் வரும்.

ஜீவராணி: நேத்து இதைவிட மழை. தெளிஞ்சுதானே வந்துச்சு... கதவையும் பாருங்க. காலையில நல்லா சாத்துன கதவு, இப்ப நெலைக்குள்ளயே போக மாட்டேங்குது.

மூர்த்தி: பலகை ஊறிப்போச்சு.

ஜீவராணி: எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. கிராம சேவகரு, ஜி.எஸ் ஐயா, ரெண்டு தரம் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. மலையில வெடிப்பு அகலமாயிருச்சாம், பொழுது சாயுறதுக்குள்ள லயத்து வீடுங்களைக் காலி பண்ணிட்டு இஸ்கூலுக்கு வந்துருங்கன்னு. நம்ம புள்ள லோஜினியை ராசம்மா அக்காகூட அனுப்பிட்டேன். நாமதான் பாக்கி.

மூர்த்தி: நாம மட்டுமா? அடுத்த வீட்டுக் காம்பிராவுல சர்மிளா அடுப்பு பத்த வச்சிருக்கா பாரு. அவ போகலையே.

ஜீவராணி: அவங்களும் இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருக்காங்க. நெறமாசக்காரி வேற... அதை நிப்பாட்டுங்களேன். அந்த டொம் டொம்முனு வர்ற மியூசிக்குல வெளியில மழைச் சத்தம்கூடக் கேக்கல.

மூர்த்தி: இரு, இந்த எடத்தைக் கேளு. "மறைக்கப்பட்ட மலை. இது மண்சரிவா, மண் திருட்டா?" எப்படிக் கேக்குறான் பாரு.

ஜீவராணி: யாரு, நம்ம பிரதாப்புதானே. கொழும்புல புடவைக் கடையில நின்ன பய. ஒரு போனைத் தூக்கிட்டு வந்து, கோயில் கூரை மேல ஏறி நின்னு எடுத்துட்டு, ட்ரோன்ல எடுத்தேங்குறான்.

மூர்த்தி: கனடாவுல இருந்தெல்லாம் கமெண்ட் போட்டிருக்காங்க.

ஜீவராணி: கனடாக்காரங்க தலையிலயா மண்ணு விழப்போகுது?

மூர்த்தி: லயத்தை விட்டுப் போயிட்டா, திரும்பி வர்றதுக்குள்ள ஹோட்டல் கட்டிருவாங்க. படமே காட்டுறான்.

ஜீவராணி: அந்த ஹோட்டல் வாசல்ல என்ன மரம் நிக்குது? நல்லாப் பாருங்க.

மூர்த்தி: ...தென்னை மரம்.

ஜீவராணி: நம்ம டயகமை மலையில ஏதுங்க தென்னை மரம்? எந்த ஊருக் கடற்கரையையோ கொண்டாந்து ஒட்டியிருக்கான்.

மூர்த்தி: சரி, ஹோட்டலை விடு. அந்தப் பொம்பளை சொன்னது?

ஜீவராணி: ...எந்தப் பொம்பளை?

மூர்த்தி: தெரியாத மாதிரி கேக்குற. மொகத்தை மறைச்சு, கொரலை மாத்தி, கொழுந்துக் கூடையோட நிக்குதே. "அந்தியில மலையில நாலு பேரு அலவாங்குக் கம்பியால குத்திக்கிட்டு இருந்தாங்க, என் கண்ணால பார்த்தேன்"னு. அப்ப வெடிப்பு தானா வரல, நம்மளை வெரட்டுறதுக்கு இவங்களே தோண்டுனதுன்னுதானே அர்த்தம்?

ஜீவராணி: கொரலு பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. அவ யாரோ எவளோ. அவ பேச்சை நம்பியா உசுரைக் குடுப்பீங்க?

மூர்த்தி: அவ பொய் சொல்ல மாட்டா.

ஜீவராணி: ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

மூர்த்தி: ...பேசுற விதத்துல தெரியுதுல்ல.

ஜீவராணி: ஜி.எஸ் சொன்னா நம்ப மாட்டீங்க. பீலித் தண்ணியைக் காட்டுனா நம்ப மாட்டீங்க. நான் சொன்னா...

மூர்த்தி: நீ முந்தி என்ன சொன்ன? செத்தாலும் டென்ட்டுக்குப் போக மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?

ஜீவராணி: நான்தான். கீழ் டிவிசன் சனங்க, கொஞ்ச நாளைக்குத்தான்னு போயி இன்னும் டென்ட்டுலயே கெடக்குதுங்க. பொம்பளைப் புள்ளைய வச்சுக்கிட்டு அப்படிக் கெடக்கணுமேன்னு பயந்தேன். இப்ப இந்த மலையைப் பார்த்தா அதைவிடப் பயமா இருக்கு. போதுமா?

மூர்த்தி: போதாது. அந்தப் பொம்பளை வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லட்டும். அடுத்த நிமிசம் எந்திரிக்கிறேன்.

ஜீவராணி: என்ன பேச்சுங்க இது... அவளை எங்க போய்த் தேடுறது?

மூர்த்தி: அவ சொல்லட்டும், ஜீவா.

ஜீவராணி: ...சத்தம் கேட்டுச்சா?

மூர்த்தி: இடி.

ஜீவராணி: இடி மேலதானே இடிக்கும். இது காலுக்குக் கீழ கேட்டுச்சு... என்னங்க. அந்தப் பொம்பளை நான்தாங்க.

மூர்த்தி: மேல சொல்லு.

ஜீவராணி: அப்புறமா எவ்வளவு வேணுன்னாலும் திட்டுங்க. கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். பிரதாப் வந்து, என்னக்கா பார்த்தீங்கன்னு கேட்டான். நாலு பேரு அலவாங்கால குத்துனாங்க, வெடிப்பு எவ்வளவு நகருதுன்னு பார்க்குறதுக்கு ரெண்டு பக்கமும் குச்சி நட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னேன். குச்சி நட்டதைச் சொன்ன பேச்சைப் படத்துல வெட்டிட்டான்.

மூர்த்தி: அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

ஜீவராணி: சொல்லியிருக்கலாம். படம் வந்ததும் யாரும் போக மாட்டோம்னு லயமே ஒண்ணா நின்னுச்சு. எனக்கும் போகப் புடிக்கல. வாயை மூடிக்கிட்டேன்... காலையில போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துல நட்ட குச்சிங்க. இப்ப நடுவுல ஒரு ஆளு படுக்கலாம்.

மூர்த்தி: பையைக் குடு. குடையை எடு.

ஜீவராணி: ...என்னங்க.

மூர்த்தி: சர்மிளா வீட்டுக் கதவைத் தட்டு. எனக்குச் சொன்னதை அப்படியே அவங்களுக்கும் சொல்லு. நான் அந்தக் கடைசிக் காம்பிராக்களைப் பார்க்குறேன்.

ஜீவராணி: சொல்றேன். காறித் துப்புனாலும் நின்னு சொல்றேன்... ஏங்க, ஒங்களுக்குத் தூக்கிவாரிப் போடலையா? நான்தான்னு சொல்றேன், ஒரு வார்த்தை வையாம எந்திரிச்சிட்டீங்க?

மூர்த்தி: கொழுந்து எடுக்குறப்ப இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டி இடது பக்கம் முடிச்சுப் போடுறவ இந்த டிவிசன்லயே நீ ஒருத்திதான். மொகத்தை மறைச்சான், முடிச்சை மறைக்கலையே. மொத நாளே தெரியும்.

ஜீவராணி: தெரிஞ்சுமா அந்தப் படத்தை நம்பி உட்கார்ந்திருந்தீங்க?

மூர்த்தி: படத்தை யாரு நம்புனா? தேயிலை மலையில தென்னை மரம் நடுறவனையா? நீ சொன்னியேன்னுதான் புள்ள உட்கார்ந்திருந்தேன்.