கூடுவாஞ்சேரிக்கு விழுந்த தாம்பரத்து வாக்கு

மெரினாவைத் தாண்டிக் கடலில் கால் நனைக்காமலே மாலத்தீவையும் மொரீஷியஸையும் எம் மாணவியர் மனத்தில் மிதக்கவிட்ட மாண்பே! வரலாற்று வகுப்பின் வற்றாத வாய்க்காலே! முப்பது ஆண்டுகள் முகம் கோணாது முழங்கி இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ஹில்டா ஞானசௌந்தரி அம்மையீர், வணக்கம்!

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே இனி வருவதைச் சபைக்குச் சொல்கிறோம். யாரோ ஓர் ஆசிரியையின் கதை என்று எண்ணித் தாங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபையோரே! கரீபியக் கடலின் தீவுகள் ஒன்றுகூடி அமைத்த கூட்டாட்சி 1962இல் உடைந்தது. தலைநகர் எங்கே என்பதில் தொடக்கத்திலிருந்தே இழுபறி. சின்னத் தீவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று பெரிய தீவுக்கு எரிச்சல். பெரியது நம்மை விழுங்கிவிடுமோ என்று சின்னவற்றுக்குப் பயம். நாலே ஆண்டில் கலைந்து போனார்கள். தாம்பரத்தில் இதற்காக வருந்திய ஒரே ஆள் நம் அம்மையார்தான் என்று அடித்துச் சொல்லலாம். சொந்தக்காரர் வீட்டில் பாகப்பிரிவினை நடந்ததுபோல ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தார்.

ஆறு ஆண்டு கழித்து அந்தப் பிரிவினை நம் வாசலுக்கே வந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை மூடப்போவதாகக் கல்வி அலுவலகம் அறிவித்தது. தாம்பரத்தில் அம்மையாரின் பள்ளி பெரியது, சிங்கப்பெருமாள் கோவில் பள்ளி நடுத்தரம், நடுவழியில் கூடுவாஞ்சேரிப் பள்ளி எல்லாவற்றிலும் சிறியது. தனியாகக் கட்ட மூன்றுக்கும் வக்கில்லை. மூவரும் சேர்ந்து ஒன்று கட்டலாம் என்ற யோசனையே அம்மையாருடையதுதான்.

எங்கே கட்டுவது? பள்ளிக்கு ஒரு வாக்கு. தாம்பரத்தின் சார்பில் அம்மையாரை அனுப்பினார் நிர்வாகச் செயலாளர் துளசிங்கம். "லேப் நம்ம காம்பவுண்டுக்குள்ளதான் வரணும், டீச்சர். ஜூன்ல ஹெட்மிஸ்ட்ரஸ் சீட் காலியாவுது, உங்களுக்கே தெரியும்" என்றும் சொல்லி வைத்தார்.

கூட்டத்தில் கூடுவாஞ்சேரி தனக்கே போட்டுக்கொண்டது. சிங்கப்பெருமாள் கோவிலும் அப்படியே. மீதி அம்மையாரின் வாக்கு. தலைமையாசிரியை நாற்காலி அவர் கண்முன் வந்து போகாமல் இருந்திருக்குமா? ஆசையில்லாத மனுஷி அல்லர் அவர். ஆனால் தாம்பரத்துக்கே வாக்கைப் போட்டால் பேச்சு அங்கேயே முறியும், மூன்று பள்ளிப் பெண்களும் ஒன்பதாம் வகுப்போடு வீட்டுக்குப் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கூடுவாஞ்சேரி" என்றார்.

ஜூன் மாதம் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போனது. அது போதாதென்று, பூக்காரி கன்னியம்மா பள்ளி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"நீ நம்ம ஸ்கூல் டீச்சரா, அவுங்க ஸ்கூல் டீச்சரா? எம் பொண்ணு ரயிலேறிப் போய்க்கினு வந்துகினு படிக்கணுமா? இன்னா நாயம் இது?"

"நம்ம கிட்ட வச்சா அவங்க ரெண்டு பேரும் விலகிடுவாங்க, கன்னியம்மா. அப்புறம் நமக்கும் லேப் கிடையாது. உம் பொண்ண நானே கூட்டிட்டுப் போய் நானே கொண்டு வந்து விடறேன், போதுமா?"

சொன்ன சொல் தவறவில்லை. கூடுவாஞ்சேரியில் ஆய்வுக்கூடம் எழுந்த நாள் முதல் சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டு வண்டியில் அம்மையாரும் பெண்களும்! பெருங்களத்தூரில் டோங்கா, வண்டலூரில் பிஜி, ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் நவ்ரூவின் பாஸ்பேட் சுரங்கம் என்று பெட்டியே வகுப்பாகிவிடும். வேர்க்கடலை விற்க வந்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். கரீபியத் தீவுகள் மறுபடி கைகோத்த சேதி சென்ற ஆண்டு வந்தபோது பெட்டி முழுவதற்கும் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டார். மூடப்படவிருந்த மேல்வகுப்புகள் மூன்று ஊரிலும் இன்றுவரை நடக்கின்றன. எங்களுக்கு அதில் தாங்காத பெருமை.

போன மாதம் இரண்டாவது ஆய்வுக்கூடம் பற்றிக் கூட்டம். இம்முறை தாம்பரத்துக்குத்தான் என்று எல்லோரும் முடிவுகட்டி வந்திருந்தார்கள். அம்மையார் பார்வையாளராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துளசிங்கம் எழுந்தார்.

"நம்ம பொண்ணுங்களுக்கு ரயில்ல போய்ப் பழகிப்போச்சு, சார். ரெண்டு ஸ்டேஷன் கூடப் போறதுல ஒண்ணும் பேஜார் இல்ல. சிங்கப்பெருமாள் கோவில்லயே கட்டிடுங்க."

நாற்காலி கைவிட்டுப் போனபோது கலங்காத அம்மையார், அங்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். இது நாங்கள் கண்ணால் கண்டது.

அம்மையீர்! கதை முடிந்தது, இனித் தாங்கள் ஒளிய முடியாது. தலைமை நாற்காலியில் அமராமலே மூன்று பள்ளிகளுக்குத் தலைமை தாங்கியவர் தாங்கள். முழங்கால் வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாது, எல்லாம் வல்ல இறைவன் அருளால் நெடுங்காலம் எம்மிடையே வாழ வேண்டுகிறோம். ஒப்பமிடும் வரிசையில் பெரிய பள்ளி கடைசியில் நிற்கட்டும் என்றது பெரிய பள்ளியேதான்.

இங்ஙனம், தங்கள் அன்பை மறவா,
கூடுவாஞ்சேரிப் பள்ளி ஆசிரியர்கள்
சிங்கப்பெருமாள் கோவில் பள்ளி ஆசிரியர்கள்
தாம்பரம் பள்ளி ஆசிரியர்கள்

தாம்பரம், 1974