சூட்டைத் தொட்டுச் சொன்ன செபஸ்தியான் அண்ணனுக்கு

பட்டினப்பாக்கம் பெற்றெடுத்து மந்தைவெளி ஒர்க்‌ஷாப் தத்தெடுத்த மின்பணி மன்னரே! கருகிய வயரைக் கண்டால் தாமும் கனலாய்க் கொதிக்கும் ஏந்தலே! கத்தித் தீர்த்த கையோடு திட்டு வாங்கியவனுக்கே டீ வாங்கித் தரும் குணக்குன்றே! எங்கள் அன்பிற்கும், அவ்வப்போது அச்சத்திற்கும் உரிய செபஸ்தியான் அண்ணனே! மாலை சூடி மேடையில் அமர்ந்திருக்கும் தங்களை, மனம் நிறைந்தும் முகம் வாடியும் வணங்குகிறோம்.

அடைமொழிகள் இன்னும் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். இந்த மடலுக்குப் பிரேம் போடுகிறவர், கண்ணாடி இவ்வளவுதான் என்று கையை விரித்துவிட்டார். ஸ்டோர்ஸில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் முத்துகிருஷ்ணனாகிய என்னிடம் இந்த மடலை எழுதும் வேலை வந்து சேர்ந்ததே, பள்ளிக்கூடத்தில் வெண்பா எழுதியவன் நான் என்று ஒருநாள் பீற்றிக்கொண்டதால்தான். மகிழ்ந்து எழுத வேண்டியதை மனத்தாங்கலோடு எழுதுகிறேன். இன்னும் இரண்டு ஆண்டு எங்களோடு இருந்திருக்க வேண்டியவர் இன்றே போகிறார் என்றால், வேறு எப்படி எழுதுவது?

பணியில் பழுதறியாப் பெருந்தகையே! வெயில் ஏறினால் நம் வாசலில் வரிசை கட்டும் வண்டிகளில் பாதிக்கு ஒரே நோய். ஏசிக் காற்றை முகத்தில் வீசும் ப்ளோயர் மோட்டார் பழசாகி இறுகும். இறுகிய மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். இழுக்க இழுக்க வயரும், வயரை மோட்டாரோடு சேர்க்கும் கப்ளரும் காய்ந்து கருகி உருகும். ப்யூஸ் அடிக்கடி போய் எச்சரிக்கும். நம் ஓட்டுநர்களோ போன ப்யூஸின் இடத்தில் செம்புக் கம்பியைச் சொருகிக்கொண்டு ஜம்மென்று வந்து இறங்குவார்கள். அவர்களுக்குத் தாங்கள் செய்த அர்ச்சனை ராஜா அண்ணாமலைபுரம் வரை கேட்டிருக்கும்.

“ப்யூஸு சாவறதுக்குன்னே வச்சிகிறாங்க நைனா! அத்த சாவ உடாம கம்பிய சொருவிகினு வந்து நிக்கிற. பொண்டாட்டி புள்ளய ஏத்திகினு போற வண்டிதானே இது?”

திட்டு வாங்கியவர்கள் அடுத்த கோடையில் தங்களைத் தேடித்தான் வந்தார்கள். ஏனென்றால் கருகிய கப்ளரை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் தங்களிடம் இல்லை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, புது வயர் சேர்த்து, புது கப்ளர் பூட்டி, மோட்டாரையும் மாற்றி, உரிய ப்யூஸைப் போட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கையை நுழைத்துக் கப்ளரைப் பொத்திப் பிடித்தபடி ஊர்க்கதை பேசத் தொடங்குவீர்கள். கதை முடியும்வரை கை சுடாவிட்டால்தான் வண்டி வாசலைத் தாண்டும். சுட்டால், வாடிக்கையாளர் தலையால் தண்ணீர் குடித்தாலும் மறுபடி பிரிப்பீர்கள். தங்கள் கதைகள் அத்தனை நீளமாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நம்பவே விரும்புகிறோம்.

இந்தச் சித்திரையில் அந்தப் பாழும் நாள் வந்தது. அடையாறு முதியோர் இல்லத்து வேனில் இதே வேலை. ஓட்டுநர் வலியுல்லா பாய் பெரியவர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய அவசரத்தில் நின்றார். தாங்கள் எல்லாம் பூட்டி, ஓடவிட்டு, கையை உள்ளே வைத்துக் கதையைத் தொடங்கினீர்கள். கருகும் நாற்றம் வந்தது. “எவன்டா அங்க எரிக்கிறான்?” என்று பக்கத்து வண்டியைப் பார்த்துக் கத்தினீர்கள். பக்கத்து வண்டியில் இருந்தவள் நம் இன்னொரு எலக்ட்ரீஷியன் கீர்த்தி. அவள் ஓடி வந்து தங்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். உருகிய பிளாஸ்டிக் விரல்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தாங்கள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். “வலிக்கலியே” என்றீர்கள். அன்றுவரை தங்கள் குரல் இல்லாமல் அந்த ஒர்க்‌ஷாப்பை நாங்கள் கேட்டதே கிடையாது.

கப்ளருக்குள் வயர் முனையின் ‘பின்’ ஒன்று முழுதாக உட்காரவில்லை, அதுதான் சூடேறியிருக்கிறது. உட்காரும்போது விரல் நுனியில் படும் அந்தச் சிறு அசைவும் தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சர்க்கரை நோய் விரல்களின் உணர்ச்சியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்த தாங்கள், கீர்த்தி சரிசெய்த வேனை வலியுல்லா பாய் எடுத்துப் போகும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, நேரே மேலாளர் சுந்தரவல்லி அம்மாவின் அறைக்குள் போய் விருப்ப ஓய்வு கேட்டீர்கள்.

எவ்வளவு கெஞ்சினோம், அண்ணே! வெப்பம் அளக்கும் கருவி ஸ்டோர்ஸில் இருக்கிறது, அதை எடுத்துத் தருகிறேன் என்றேன். “சூட்ட அது பாக்கும். பின்னு உக்கார்றத எது பாக்கும்?” என்றீர்கள். சுந்தரவல்லி அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழி சொன்னாலே போதும் என்றார். “உக்காந்துகினு வாயால வயரு இழுக்க எனக்கு வராதும்மா” என்றீர்கள். கடைசியில் கீர்த்தி, “நீங்க வேலய செய்ங்கண்ணே, நான் கைய வச்சுப் பாக்கறேன்” என்றாள்.

“இன்னாம்மா பேசற? நான் பண்ற தப்புக்கு உன் கை வேவணுமா?”

அதோடு கெஞ்சுவதை விட்டோம். வருத்தம் என்ற சொல்லை நாகரிகமாக எழுதத்தான் இத்தனை நேரம் முயன்றேன், முடியவில்லை. எங்களுக்கு வயிறு எரிகிறது, அண்ணே. திட்டுவதற்குத் தாங்கள் இல்லாத ஒர்க்‌ஷாப்புக்கு நாளைக் காலையில் எப்படி வருவது என்று தெரியவில்லை.

இனி பரிசுக்கு வருகிறேன். மோதிரம் என்று நான் சொன்னேன், கைக்கடிகாரம் என்று மெக்கானிக் பாலகணேஷ் சொன்னான். கவுன்ட்டரில் இருக்கும் ஜோயா, “செருப்பு” என்றாள். எல்லாரும் அவள்மேல் பாய்ந்தோம். மேடையில், மாலை போட்ட மனிதருக்கு, செருப்பா? அவள் அசையவில்லை. சர்க்கரையால் மரத்த காலில் ஆணி ஏறியது தெரியாமலே நாள்கணக்கில் நடந்தவர் அவள் அப்பா. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கால்விரலை எடுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். “செபஸ்தியான் அங்கிளுக்குக் கை இப்படின்னா கால் எப்படி இருக்கும்? யாராவது கேட்டீங்களா?” என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

தாங்களோ, வேலை விட்டதும் ஆவணியில் மாதா கோயில் கொடியேற்றம் முதல் தேர் வரை தினமும் பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்கு வெறுங்காலோடு நடக்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தார்ச்சாலையில், அந்த வெயிலில்!

ஆகவே செருப்பேதான். உள்ளே மெத்தென்று, பின்னால் வார் வைத்து, சர்க்கரைக்காரர்களுக்கென்றே அளவெடுத்துத் தைப்பது. அளவுக்கு எங்கே போனோம் என்று கேட்பீர்கள். அண்ணியார் ஜெசிந்தாதான் எடுத்துத் தந்தார். கோபிக்கக் கூடாது. தாங்கள் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, தரையைத் துடைப்பதுபோல் குனிந்து, காலுக்கடியில் செய்தித்தாளை நுழைத்து, பாதத்தைச் சுற்றி விரல் விரலாகப் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தார். இரண்டு காலுக்கும் இழுத்தார். தாங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது அண்ணியார் சொன்னார்:

“முன்னெல்லாம் கூசுதுன்னு கால தொடவே உடமாட்டாரு, தம்பி.”

எங்கள் அண்ணனே! நூறாண்டு வாழ்க, நோயின்றி வாழ்க என்று இந்த இடத்தில் எழுதுவார்கள். நோய் வந்தாயிற்று, பொய் எழுத மனம் வரவில்லை. உள்ள காலோடும் உள்ள கையோடும் நெடுங்காலம் வாழுங்கள். மாதாவிடம் நடந்தே போங்கள். வெறுங்காலோடு வரவில்லையே என்று அவள் கேட்டால் எங்கள் பெயரைச் சொல்லுங்கள். இப்போது வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லாமல், இந்த மேடையிலேயே, அண்ணியார் பார்க்க இந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வார் கடிக்கிறதா என்று காலைக் கேட்காதீர்கள், அண்ணே. குனிந்து கண்ணால் பாருங்கள்.

தங்களைப் பிரிய மனமில்லாத,
மந்தைவெளி ஒர்க்‌ஷாப் பணியாளர்கள்